வீடு மாறுவோர்க்குச் சில கணக்குகள்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணஞ் செய்து பார் என்று சொல்லி வைத்த நம் முன்னோர், வீடு மாறிப் பார் என்று சொல்லவில்லை. பிறந்த வளவிலேயே வாழ்ந்து, அவ்வளவிலேயே மூத்து முடிந்த மக்களுக்கு அப்படியொரு பழமொழி வேண்டியிருக்கவில்லைப் போலும். இன்றைய நிலை வேறு. ஆசிரியரும் தாதியரும் வங்கி ஊழியரும் அரசாங்க அலுவலரும் இடமாற்றக் கடிதத்தைக் கையிலே பெற்றதும் ஊர்விட்டு ஊர் பெயர்கின்றனர். ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுச் சொந்தக்காரர் அறிவித்ததும், அதே ஊரிலே தெருவிட்டுத் தெரு பெயர்வோர் இன்னும் பலர். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில், இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இந்த ஒரு மாதத்திலே கரைந்து போவதுண்டு. சில வீடுகளில் அதுவும் போதாமல், வீட்டுத் தலைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகின்றது. போன சங்கிலி உரிய காலத்தில் மீள்வதும் உறுதியன்று. ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்தல் தகும்.

வீடு மாறப் போகின்ற ஒருவரிடம் செலவு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். லொறிக் கூலியையே முதலிற் சொல்வார்; அதனோடு சுமையாட்களின் கூலியையும் சேர்த்துக்கொண்டு, கணக்கு முடிந்தது என்பார். ஐந்நூறு ரூபா குறைத்துத் தரும் லொறிக்காரரைத் தேடி இரண்டு நாள் அலைவார். ஆனால், லொறி வாசலுக்கு வருமுன்னே அவருடைய பணத்தின் பெரும்பகுதி போய்விடுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி லொறி திரும்பிச் சென்ற பின்னர்ப் போகின்றது. இடையிலே நிற்கும் லொறி கண்ணுக்குத் தெரிவதால், அதுவே செலவு என்று மயங்குகின்றோம்.

முதலில் முற்பணத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலும் பிற நகரங்களிலும் வாடகை வீட்டுக்குப் பல மாத வாடகையை முன்கூட்டியே கேட்பது வழக்கமாகிவிட்டது. முற்பணம் என்னும் ஒரே சொல் இருவகைப் பணத்தைக் குறித்து வழங்குகின்றது. ஒன்று, மாதாமாதம் வாடகையிற் கழிக்கப்பட்டு வருவது. மற்றையது, வீட்டை விட்டுச் செல்லும்போது திருப்பித் தரப்படும் வைப்புப் பணம். நமது பணம் இவ்விரண்டில் எதுவென்று தொடக்கத்திலே தெளிவாகப் பேசிக்கொள்ளாமையால், இறுதியில் மனக்கசப்புக்கு ஆளாவோர் அநேகர்.

இனி, வாடகை குறைந்த வீடே மலிவான வீடு என்னும் எண்ணமும் எப்போதும் சரியன்று. ஒரு வீட்டுக்கு மாத வாடகை 50,000 ரூபா. திருப்பித் தரப்படும் முற்பணம் 300,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வேறொரு வீட்டுக்கு வாடகை 52,000 ரூபா. முற்பணம் ஒரு மாத வாடகை மாத்திரமே. பலரும் முதலாவதைத் தெரிவர். ஆனால் அம்முற்பணத்தை நகை அடகு வைத்தே பெறவேண்டியிருக்கின்றது; வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று கொண்டால், 300,000 ரூபாவுக்கு ஆண்டு வட்டி 45,000 ரூபா, அதாவது மாதத்துக்கு 3,750 ரூபா. ஆக, அவ்வீட்டின் உண்மை வாடகை 53,750 ரூபா. இரண்டாவது வீட்டுக்கு அதே கணக்கின்படி வட்டி 650 ரூபா. உண்மை வாடகை 52,650 ரூபா. அதிக வாடகை என்று நாம் ஒதுக்கிய வீடே மாதம் 1,100 ரூபா மலிவாக இருக்கின்றது. சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பவரும், அப்பணம் வங்கியில் இருந்திருந்தால் எவ்வளவு வட்டி தந்திருக்கும் என்று இவ்வாறே கணக்கிடலாம்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நகரத்திலிருந்து விலகிச் சென்றால் வாடகையில் மாதம் 6,000 ரூபா மிஞ்சும் என்று ஒரு குடும்பம் மகிழ்கின்றது. தந்தையாருக்கு நாளொன்றுக்கு 120 ரூபா பஸ் கட்டணம் கூடுகின்றது. 22 வேலை நாட்களுக்கு அது 2,640 ரூபா. பிள்ளைகள் இருவரின் பாடசாலை வானுக்கு மாதம் 4,000 ரூபா கூடுகின்றது. மிச்சம் என்று கண்டது 640 ரூபா நட்டமாக முடிகின்றது; நாள்தோறும் தெருவிலே கழியும் நேரத்துக்கு விலையில்லை. பள்ளியிற் சேர்க்கவேண்டிய சிறு பிள்ளை வீட்டிலிருந்தால் மேலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தரத்துக்கு அனுமதிக்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசித்தமைக்கும், அவ்விடத்து வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் தொடர்ந்து பதிந்திருந்தமைக்கும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. அற்ப வாடகை மிச்சத்துக்காக இரண்டு தெரு தள்ளிச் சென்று, இப்புள்ளிகளை இழந்து, பின்னர் கட்டணப் பாடசாலையை நாட நேர்ந்தால் அச்சிக்கனத்தை என்னவென்பது? பெயர்வதற்கு முன்னும் பின்னும் கிராம அலுவலரைக் கண்டு பதிவைச் சரிசெய்துகொள்ளுதல் வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது சிலர், "நம்பிக்கைதானே, எழுத்து எதற்கு?" என்பர். நல்ல மனிதர்களே அவ்வாறு சொல்கின்றனர், அதுவே தொல்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டையோ காணியையோ குத்தகைக்கு விடும் ஒப்பந்தம், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்திடப்படாவிடின் சட்டவலு உடையதாகாது. ஓராண்டுக்கென்று வெறுந்தாளில் எழுதி முத்திரை ஒட்டி வைத்துக்கொள்வது மனத்துக்கு ஆறுதலேயன்றி வேறில்லை. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவு என்று எண்ணி, இலட்சக்கணக்கான முற்பணத்தைப் பாதுகாப்பின்றி விடுவது பேதைமை.

அவ்வொப்பந்தத்திலே மின்கட்டணத்தைப் பற்றிய வாசகத்தை இரண்டு முறை படியுங்கள். பெரிய வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து அனெக்ஸ் என்று வாடகைக்கு விடும் இடங்களில், மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இராது. சொந்தக்காரரின் மானியிலிருந்து ஓர் உபமானி மாத்திரம் பொருத்தியிருப்பர். நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக உயர்வது. பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகின்றது. நீங்கள் மாதம் 50 அலகு பாவிக்கின்றீர்கள். தனி இணைப்பு இருந்தால் கீழ்ப்படிகளிலே நிற்பீர்கள். சொந்தக்காரரோ 80 அலகு பாவிக்கின்றார். பிரதான மானியிற் காண்பது 130 அலகு. மொத்தப் பட்டியலை அலகுக் கணக்கிற் பங்கிட்டால், உங்கள் 50 அலகுக்கும் 130 அலகுக்குரிய உயர்ந்த விகிதத்திலே பணங் கொடுக்கின்றீர்கள். இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. மானியின் அமைப்பே அத்தகையது. ஆயினும் இதை அறிந்தவர் வாடகை பேசும்போது அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம். அறியாதவர் மாதந்தோறும் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். தண்ணீர்க் கட்டணமும் இவ்வாறே படிப்படியாக உயர்வதாகையால் அதையும் கேட்டறிக. பழைய குடியிருப்பாளரின் நிலுவை எதுவும் இல்லையென்பதற்குக் கடைசிப் பற்றுச்சீட்டைப் பார்த்து, இரண்டு மானிகளின் எண்களையும் கைத்தொலைபேசியிற் படமெடுத்து வைத்தல் ஒரு நிமிட வேலை.

வீடு அமைந்துவிட்டது, இனிச் சாமான்களைப் பார்ப்போம். இங்கேதான் நமது குணம் வெளிப்படுகின்றது. எறிவதற்கு மனம் வராமல் பரணில் ஏற்றி வைத்தவற்றை, பார்க்கவும் நேரமின்றி அப்படியே லொறியில் ஏற்றி, புதிய வீட்டின் பரணிலே மறுபடி ஏற்றுகின்றோம். உடைந்த மின்விசிறி, மூடியற்ற போத்தல்கள், பத்து வருடத்துப் பஞ்சாங்கங்கள் ஆகிய இவற்றுக்கெல்லாம் நாம் பயணச்சீட்டு வாங்கிக் கொடுக்கின்றோம் என்பதை எண்ணுவதில்லை.

லொறியில் ஒவ்வொரு பொருளும் பிடிக்கும் இடத்துக்கு ஒரு விலை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலை வழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அப்பயணத்துக்கு லொறியும் ஆட்களுமாக 60,000 ரூபா ஆகின்றது என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். லொறியின் கொள்ளளவை இருபது கூறாக எண்ணினால் ஒரு கூறு 3,000 ரூபா. ஓர் அலுமாரி இரண்டு கூறு இடத்தைப் பிடித்தால் அதன் பயணச்செலவு 6,000 ரூபா. இப்போது அந்த அலுமாரியைப் பாருங்கள். அது தேக்கிலோ முதிரையிலோ செய்த பழைய அலுமாரியானால் 6,000 ரூபா செலவிட்டும் கொண்டுசெல்க. அத்தகையதொன்றைப் புதிதாகச் செய்விக்கப் பன்மடங்கு வேண்டும். துகட்பலகையால் ஆகி மேலே தாள் ஒட்டிய அலுமாரியானால், ஒருமுறை கழற்றிப் பூட்டியதும் ஆணித்துளைகள் தளர்ந்து ஆடத் தொடங்கிவிடும். அதை அயலவருக்கு விற்று வரும் பணத்தோடு பயணச்செலவையும் சேர்த்து, அங்கே வேறொன்று வாங்குவதே கணக்குக்குப் பொருந்தும். எதை விற்பது, எதை ஏற்றுவது என்னும் வினாவுக்கு, வாங்கிய விலையை நினைத்து விடைகாணலாகாது. இன்று விற்றால் வருவதையும், அங்கே மீண்டும் வாங்கினால் ஆவதையும், ஏற்றிச்செல்லும் செலவையும் வைத்தே விடைகாண வேண்டும்.

நல்ல மரமென்றாலும் வாசலை அளந்து பார்த்தே ஏற்றுங்கள். நாற்சார் வீட்டு அறையில் நின்ற அலுமாரி, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்குச் செல்லும் ஒடுங்கிய படிக்கட்டில் திரும்ப மறுத்து, கீழே வாகனத் தரிப்பிடத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் காட்சி அரிதன்று. சுமையாட்கள் அப்போது கேட்கும் மேலதிகக் கூலிக்குப் பேரம் பேச இடமில்லை. ஒரு அளவுநாடாவும் ஐந்து நிமிடமும் போதும். கதவின் அகலம், படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலம், மாடித் தூக்கி உண்டானால் அதன் உட்புறம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வரலாம்.

விற்பதற்குக் காலம் வேண்டும். லொறி வரும் நாளன்று விற்பவனுக்கு, வாங்குபவன் சொன்னதே விலை. ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்கினால், வேண்டிய ஆளுக்கு வேண்டிய பொருள் நல்ல விலைக்குப் போகும். அதே மாதத்தில் அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய் முதலியவற்றைப் புதிதாக வாங்கிக் குவிக்காமல், இருப்பதைச் சமைத்து முடிக்கலாம். பாரமுங் குறையும், எண்ணெய்ப் போத்தல் கவிழ்ந்து உடுபுடைவை நாசமாகும் ஆபத்துங் குறையும்.

பொதி கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முற்காலத்தில் தேயிலை ஏற்றிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள் குடிபெயர்வோருக்குப் பெரிதும் உதவின. தேயிலை தாட்பைகளிலே செல்லத் தொடங்கியபின் அவை மறைந்தன. இன்று சில்லறைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் மட்டைப்பெட்டிகள் சும்மாவோ சிறு விலைக்கோ கிடைக்கும். புத்தகங்களைச் சிறு பெட்டிகளில் அடுக்குக. ஒரு அடி நீளம், அகலம், உயரமுள்ள பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் ஏறக்குறைய 20 கிலோ வரும். அதனினும் பெரிய பெட்டியின் அடி, தூக்கும்போதே கழன்றுவிடும். பீங்கான் கோப்பைகளைப் படுக்க வைத்து அடுக்காமல், விளிம்பு கீழே படும்படி நிமிர்த்தி வைத்தால் உடைவு குறைவு. அவற்றைப் பொதிவதற்கு வேறு பொருள் வாங்க வேண்டியதில்லை. எப்படியும் ஏற்ற வேண்டிய துவாய்களும் சேலைகளும் விரிப்புகளும் போதும். குளிர்சாதனப் பெட்டியை முதல்நாளே நிறுத்தி, பனி உருகவிட்டு, நிமிர்ந்தபடியே கொண்டுசெல்லுதல் வேண்டும்.

பத்திரங்களை மாத்திரம் லொறியில் ஏற்றலாகாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்த நாளை நினைவுள்ளோர் இதை விளக்கமின்றியே அறிவர். எதை எடுப்பது என்று எண்ண நேரமில்லாத அவ்விரவிலே பலர் கையிற் பற்றியது, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்திருந்த ஒரு பையையே. அத்தகைய பை பல வீடுகளில் இன்றும் கதவருகிலே தொங்குகின்றது. அமைதியான காலத்துப் பெயர்ச்சியிலும் அது கையோடு வருதல் நன்று. தொலைந்த பத்திரம் ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுக்கக் கந்தோர் கந்தோராக அலையும் செலவு எந்தக் கணக்கிலும் முன்கூட்டி எழுதப்படுவதில்லை.

லொறியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. தூரப் பயணமானால், சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியை விசாரியுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணக் கடைகளுக்குப் பொருள் ஏற்றிவரும் லொறிகளில் சில, திரும்புகாலில் ஏற்றுவதற்குச் சுமை தேடி நிற்பதுண்டு. எரிபொருளுக்கு ஏதேனும் கிடைத்தாற் போதுமென்று அவர்கள் குறைந்த கூலிக்கு இசைவர். முன்னர் ஏற்றிவந்தது கருவாடா என்று மாத்திரம் கேட்டுக்கொள்க. மெத்தையில் ஏறிய அந்த வாசனை கூலியில் மிஞ்சியதை நெடுநாள் நினைவூட்டிக்கொண்டிருக்கும். சேவைத் தேவையின்பொருட்டு இடமாற்றம் பெறும் அரசாங்க ஊழியர், பயணச்செலவுக்கும் சாமான் ஏற்றுச்செலவுக்கும் தமக்கு உரித்துண்டா என்பதைத் தமது அலுவலகக் கணக்குக் கிளையிற் புறப்படுமுன்னரே கேட்டறிந்து, பற்றுச்சீட்டுகளைப் பேணி வைப்பாராக.

நல்லநாள் பார்ப்பதிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கின்றது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபுகுதல் ஆகாது என்று விலக்கி, எஞ்சிய மாதங்களில் வரும் சுபதினங்களிலேயே எல்லோரும் பெயர்கின்றனர். அந்த நாளில், அந்த முகூர்த்தத்தில், ஊரிலுள்ள லொறிகள் யாவும் பேசப்பட்டிருக்கும். கூலியும் அதற்கேற்ப உயரும். இதற்காக நம்பிக்கையைக் கைவிடும்படி யாம் சொல்லவில்லை. சுபநேரம் வேண்டுவது வீட்டிலே பால் காய்ச்சுவதற்கேயன்றி, அலுமாரி இறக்குவதற்கன்று. குறித்த நேரத்தில் குத்துவிளக்கையும் நிறைகுடத்தையும் புதுப்பானையையும் கையிலே கொண்டுசென்று பால் காய்ச்சி, கதவைப் பூட்டிவிட்டு வரலாம். சாமான்களை அவ்வாரத்திலே வேறொரு வேலைநாளில், லொறிக்காரர் ஓய்ந்திருக்கும்போது ஏற்றலாம். பல பெரியவர்கள் இவ்வொழுங்கை மனமுவந்து ஏற்கின்றனர். கிழக்கிலும் வடக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மழையை மாத்திரம் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, சாமான்கள் இறங்கிவிட்டன. லொறிக்கு ஐந்நூறு ரூபா பேரம் பேசிய அதே மனிதர், அடுத்த பத்து நாட்களில் கணக்கின்றிக் கடைக்குச் செல்கின்றார். புதிய வீட்டின் வெறுஞ்சுவர் ஏதோ குறை சொல்வது போலத் தோன்றுகின்றது. யன்னற் சீலை, தரைவிரிப்பு, மின்குமிழ் மூடி, செருப்புத் தட்டு என்று நாளொரு பொருளாக வாங்கப்படுகின்றது. பெட்டியின் அடியிலே கிடக்கும் கத்தரிக்கோல் அகப்படாமல் இன்னொரு கத்தரிக்கோல் வாங்கப்படுகின்றது. சமையலறை ஒழுங்காகும்வரை மூன்று வேளையும் கடைச் சாப்பாடு வேறு. நால்வர் உள்ள குடும்பம் ஒரு வாரம் கடையிற் சாப்பிட்டு எழுதிய கணக்கையும் லொறிக் கூலியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டதுண்டு.

இதற்கு எளிய ஒழுங்கு ஒன்று உண்டு. அடுப்பு, இரண்டு சட்டி, அகப்பை, கத்தி, அரிசி, பருப்பு, தேயிலை, சீனி, சவர்க்காரம், மின்குமிழ் இரண்டு, திருப்புளி, கத்தரிக்கோல் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, அதற்குச் சிவப்புக் கோடிட்டு, லொறியிலே கடைசியாக ஏற்றினால் முதலாவதாக இறங்கும். அன்றிரவே சோறும் பருப்பும் சமைத்துவிடலாம். ஏனைய பெட்டிகளுக்கு எண்ணிட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கின்றது என்று ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால் இரண்டாவது கத்தரிக்கோல் தேவைப்படாது.

வாங்கவேண்டியவை என்று தோன்றுபவற்றை அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முதல் மாதம் முடியும்வரை எழுதுவதோடு நிறுத்துங்கள். பூட்டு, தண்ணீர்க் குழாய், பழுதான ஆளி போன்று பாதுகாப்புக்கு வேண்டியவை இதற்கு விலக்கு. பழைய வீட்டு யன்னற் சீலைகள் புதிய யன்னல்களுக்கு அளவாக வருவது அபூர்வம். ஆயினும் காலை வெயில் எந்த அறையில் விழுகின்றது, எதிர்வீட்டு மாடியிலிருந்து எந்த யன்னல் தெரிகின்றது என்பன ஒரு மாதம் வாழ்ந்த பின்னரே விளங்கும். எட்டு யன்னலுக்கும் முதல் வாரத்திலே சீலை தைத்தவர், அவற்றில் மூன்று எப்போதும் திறந்தே கிடப்பதைப் பின்னர்க் காண்கின்றார். அதுவரையில் படுக்கை விரிப்புகளை மடித்துக் கயிற்றிலே தொங்கவிட்டுக் கொள்ளலாம். மாத முடிவில் கொப்பியை எடுத்து, எழுதியவற்றில் இன்னும் வேண்டியவை எவை என்று வீட்டார் கூடியிருந்து பார்க்கும்போது, பாதிக்குமேல் தாமாகவே வெட்டப்பட்டுவிடும். எஞ்சியவற்றை அடுத்தடுத்த மாதச் சம்பளங்களில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.